இறுவட்டில் உறங்கிய சொற்கள்

கலஹா பஸ்ஸில் வந்திறங்கிய அண்ணி, நனைந்த குடையை என் வீட்டு விறாந்தையில் விரித்து வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். அவிழ்த்தபோது அதனுள்ளே இருந்தது நகையன்று, ஓர் இறுவட்டு.

“மாஸ்டர், அவரு எழுதினது எல்லாம் இதுலதான் இருக்கு. டவுன்ல ஒரு கடையில போட்டுப் பாத்தாங்க. பழுதாப் போச்சுன்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவ பாருங்க” என்றார்.

‘அவரு’ என்று அண்ணி குறித்தது காலஞ்சென்ற என் மூத்த நண்பரை. எனக்குப் பத்தாண்டுகள் முன்னதாக ஆசிரியத் தொழிலுக்கு வந்தவர். நான் அண்ணன் என்றே அழைத்துப் பழகியவர். தோட்டப் பாடசாலைகளிலேயே தம் காலமெல்லாம் கற்பித்தார். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர மலையும், அதனை அடுத்த தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைப் பகுதிகளும் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. விடுமுறை நாட்களிலே லயம் லயமாகச் சென்று, முதியோர் வாயில் வழங்கிய சொற்களைக் கேட்டுக் கேட்டுச் சிறு அட்டைகளிற் குறித்துக்கொண்டார். பெரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து என்று அகராதிகள் எட்டிப் பாராத சொற்கள். ‘தவறணை’ என்றால் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்குக் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வரும். தோட்டத்திலோ அது தேயிலை நாற்றுமேடை. இத்தகைய வேறுபாடுகளைக் கண்டுவிட்டால் அண்ணனுக்கு அன்று முழுவதும் சோறு தண்ணீர் வேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கண்டியிலிருந்து ‘ஞானம்’ சஞ்சிகை வெளிவரத் தொடங்கிய நாட்களை ஒட்டி, அவரும் கடன்பட்டு ஒரு கணினி வாங்கினார். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இரவு இரவாகத் தாமே தட்டெழுதினார். பிறகு அட்டைகளைக் கறையான் தின்றது. கணினி பழுதாகி இரும்புக்காரனிடம் போயிற்று. அவரும் போய்விட்டார். மிஞ்சியது துணியில் முடிந்துவந்த அந்த வட்டத் தகடு ஒன்றே.

மறுநாள் அதே கடைக்கு நானும் சென்றேன். கடைப் பையன் நல்லவன். முகஞ்சுளிக்காமல் மீண்டும் கோப்பைத் திறந்து காட்டினான். திரை நிறைய ஆங்கில எழுத்துகள். அவற்றிடையே அரைப்புள்ளிகளும் காற்புள்ளிகளும் வாரியிறைத்தாற்போலக் கிடந்தன. எந்த மொழியிலும் சேராத குப்பை.

“எழுத்துரு இல்லாததால் இப்படித் தெரிகிறதோ?” என்று கேட்டேன். அவ்வளவு மட்டும் எனக்குத் தெரியும்.

“ஃபொண்ட் இருக்குத்தானே சேர், பாருங்க” என்று அவன் திரையின் மேற்புறத்தைத் தொட்டுக் காட்டினான். எழுத்துருவின் பெயர் தோன்றும் சிறு பெட்டியில் ‘பாமினி’ என்று ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. “ஃபொண்ட் சரி. ஃபைல்தான் பழுது.” என் திருப்திக்காக வேறு சில எழுத்துருக்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். அவற்றுள் ஒன்று எஃப்.எம். அபய என்னும் சிங்கள எழுத்துரு. அதனைத் தெரிவு செய்த கணமே திரை முழுதும் அழகிய சிங்கள எழுத்துகள் வரிசைகட்டி நின்றன. சிங்களம் படித்த பையன் முதல் வரியை உரக்க வாசித்துவிட்டுச் சிரித்தான். ஒரு சொல்லுக்கேனும் பொருளில்லை. நானும் சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்புகையில் அண்ணிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

எங்கள் அயல்வீட்டுப் பெண்ணொருத்தி பேராதனைப் பல்கலைக்கழகத்திற் படிக்கின்றாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பில் தமிழ் படித்தவள். அன்று மாலை அவளிடம் தட்டைக் கொடுத்தேன். மடிக்கணினியிற் கோப்பைத் திறந்து, நான் எதிர்பார்த்ததுபோல் உதட்டைப் பிதுக்காமல், சிறிது நேரம் அந்தக் குப்பையையே வாசிப்பவள்போல் நோக்கிக்கொண்டிருந்தாள்.

“இது பழுதில்ல சேர். பழுதான ஃபைல் இவ்வளவு ஒழுங்காப் பிழை விடாது.”

அவள் விரல் வைத்த இடத்தை நோக்கினேன். ஆங்கிலத்து ஜே, கே, பி, ஓ என்னும் சிற்றெழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் அதே ஒழுங்கில் ஒரு பக்கத்தில் ஐந்தாறு இடங்களில் வந்தன. “ஜே என்றால் த. கே என்றால் ம. பி என்றால் இகர விசிறி. ஓ என்றால் ழ. அரைப்புள்ளிதான் மெய்யெழுத்துப் புள்ளி. சேர்த்துப் பாருங்க, ‘தமிழ்’ என்று வருகுது.”

எனக்கு மெய்சிலிர்த்தது என்று சொன்னால் மிகையாகாது. நண்பரின் சொற்கள் அழிந்துவிடவில்லை. வேற்றுருப் பூண்டு என் கண்முன்னேயே நின்றிருந்தன.

அப்படியாயின் கடையிற் பெட்டிக்குள் தெரிந்த பாமினி என்ன ஆயிற்று? இந்த ஐயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் பயன்தரும். பாடசாலையில் இடாப்பு வாசிக்கின்றோம். பெயரைக் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ என்று ஒரு குரல் வருகின்றது. தலையை நிமிர்த்திப் பார்த்தாலோ குரல் கொடுத்தவன் பக்கத்து வாங்குக்காரன், பெயருக்குரியவன் ஆற்றங்கரையில். அலுவலக மென்பொருளிலும் கதை அதுவேதான். கோப்பினுள்ளே எழுதியவர் விரும்பிய எழுத்துருவின் பெயர் மட்டுமே பதிந்திருக்கும். அந்த எழுத்துரு கணினியில் இல்லாதபோது மென்பொருள் வேறொன்றை அதன் இடத்தில் அமர்த்திவிட்டு, பெட்டியிலே பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். வேர்ட் இப்படித்தான் நடந்துகொள்கின்றது. லிப்ரே ஒஃபிஸ் சற்று நேர்மையானது. இல்லாத எழுத்துருவின் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதிக் காட்டும். ஆகவே பெட்டியில் உள்ள பெயரை நம்பலாகாது. பெட்டியின் அருகேயுள்ள அம்புக்குறியை அழுத்தி, விரியும் பட்டியலினுள்ளே அந்தப் பெயர் இருக்கின்றதா என்று தேட வேண்டும். கடைப் பையனும் நானும் செய்யத் தவறியது இந்தச் சிறு காரியத்தைத்தான்.

அவள் எங்கிருந்தோ பாமினி எழுத்துருவைத் தேடியெடுத்து, வலப்பக்கச் சொடுக்கால் நிறுவி, மென்பொருளை ஒருமுறை மூடித் திறந்தாள். குப்பையாய்க் கிடந்தது தமிழாயிற்று. அண்ணனின் முன்னுரை, அவருக்கே உரிய நீண்ட வாக்கியங்களோடு திரையில் வந்து நின்றது. இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

என் வீட்டுக் கணினியிலும் அதனை நிறுவித் தந்துவிட்டுப் போனாள். மறுநாட் காலை நான் திறந்தபோது மீண்டும் குப்பை! அவள் என் மகனின் பெயரிலுள்ள கணக்கினுள் நுழைந்து நிறுவியிருக்கின்றாள். நான் நுழைந்தது என் கணக்கில். விண்டோஸ் 10இல் 2018ஆம் ஆண்டின் பிற்பகுதி தொட்டு, சாதாரணமாக நிறுவும் எழுத்துரு நிறுவியவருக்கு மட்டுமே உரியதாகும். ‘எல்லாப் பயனருக்கும்’ என்ற கட்டளையைத் தேர்ந்தால்தான் வீட்டாருக்கெல்லாம் பொதுவாகும். பாடசாலைக் கணினி அறைகளில், ஆசிரியருக்குத் தெரிகின்ற வினாத்தாள் மாணவருக்குத் தெரியாமற் போகும்போது இதனையும் ஐயுற வேண்டும்.

இனி, தமிழ் எழுத்து ஏன் ஆங்கில வேடம் பூண்டது என்பதைச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாயிருந்த காலத்தில் அச்சகமொன்றில் அச்சுக்கோப்பாளர் வேலைசெய்வதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதுண்டு. சாய்வான மரத்தட்டு, அதிலே சிறு சிறு அறைகள், அறைக்கோர் எழுத்து. அவர் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகவே உரிய அறைக்குச் சென்று ஈய எழுத்தை எடுத்துவரும். கணினியும் அத்தகைய அறைத்தட்டுத்தான். ஆனால் அது நம்மிடம் வந்துசேர்ந்தபோது, அறைகள் எல்லாம் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்கும் என்றே வகுக்கப்பட்டிருந்தன. தமிழுக்கு அறை இல்லை. நம்மவர் என்ன செய்தனர்? ஆங்கில எழுத்தை வெளியே எடுத்துவிட்டு, அந்த அறையில் தமிழெழுத்தை இட்டனர். அறையின் பெயர்ச்சீட்டு மட்டும் மாறவில்லை. ஜே என்ற சீட்டு ஒட்டிய அறையில் தகரம் குடியேறியது. கணினிக்குத் தெரிவது சீட்டு. நமக்குத் தெரிவது உள்ளிருக்கும் எழுத்து. எழுத்துருவை நீக்கினால் சீட்டு மட்டுமே எஞ்சும். சிங்களத்தார் செய்ததும் இதுவே. ஆதலாற்றான் அபய எழுத்துருவைப் போட்டவுடன் அதே அறைகளிலிருந்து சிங்கள எழுத்துகள் புறப்பட்டு வந்தன.

எல்லாரும் ஒரே ஒழுங்கில் இட்டிருந்தாலாவது நன்றாயிருக்கும். பாமினி ஒருவிதம், மயிலை ஒருவிதம், வானவில் ஒருவிதம், ஸ்ரீலிபி ஒருவிதம் என்று ஆளுக்கொரு தட்டு. 1999ஆம் ஆண்டிற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளை வகுத்தது. இணையத்தில் உரையாடிய தமிழன்பர்கள் டிஸ்கி என்ற முறையை வகுத்தனர். இவற்றால் ஒற்றுமை வந்ததோ, தட்டுகளின் தொகைதான் கூடிற்றோ என்பது வேறு விஷயம். ஆயினும் அந்த எழுத்துருக்களை ஆக்கியோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவை இல்லாதிருந்தால் தொண்ணூறுகளில் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் கணினியில் ஒரு திருமண அழைப்பைக்கூட அடித்திருக்க முடியாது.

தமிழுக்கென்று சொந்த அறைகள் அதற்கு முன்னரே வகுக்கப்பட்டுவிட்டன என்பதுதான் வேடிக்கை. 1991ஆம் ஆண்டில் வெளியான யூனிகோட் முதற்பதிப்பிலேயே, ஒருங்குறி என்று நாம் வழங்கும் அந்த ஏற்பாட்டிலே, தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் இடம் ஒதுக்குவது வேறு, வீடு கட்டிக் குடியேறுவது வேறு. விண்டோஸ் 2000 வந்த பிறகே அது பரவலான கணினிகளிற் சாத்தியமாயிற்று. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் நிறுவற்றட்டைத் தேடியெடுத்துச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைச் சேர்த்தாலன்றிக் கொம்பும் காலும் இடம்மாறி நின்றன. இலங்கையில் தமிழுக்கான நியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற எண்ணோடு 2008இல் வந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றது. அண்ணன் தட்டெழுதியது இவற்றுக்கெல்லாம் முன்பு. அவரிடம் இருந்தது பாமினி, அதிலே எழுதினார்.

பாமினியை நிறுவியதும் வேலை முடிந்தது என்றே நான் எண்ணினேன். அச்சிட்டு நூலாக்கிவிடலாமே! ஆனால் சொற்களை அகரவரிசைப்படுத்த முனைந்தபோதுதான் உருவம் வேறு, எழுத்து வேறு என்பது உறைத்தது. வரிசைப்படுத்து என்று கட்டளையிட்டேன். யகரத்தில் தொடங்கும் சொற்கள் முன்னே வந்தன, பின்னர் உகரம், அதன்பின் நகரம், ககரம், பகரம். தொல்காப்பியர் கண்டாற் கண்ணீர் விட்டிருப்பார். கணினியோ தன் ஒழுங்கிற் பிசகவில்லை; ஏ, சி, ஈ, எஃப், ஜி என்று சீட்டைப் பார்த்துச் சரியாகவே அடுக்கியிருந்தது. கொழுந்தும் பெரட்டும் கொந்தரப்பும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் தட்டிவிட்டே மெய்யைத் தட்டுவர். ஆகவே கணினிக்கு அவை மூன்றும் கொம்பில் தொடங்கும் சொற்கள்!

இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. முன்னுரையிற் சில எழுத்துப்பிழைகளைத் திருத்தப் புகுந்தேன். ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்கும் உபகாரம் ஒன்று அலுவலக மென்பொருள்களில் உண்டு. பாமினியில் எஃப் என்ற சிற்றெழுத்து ககரம். அதன் பேரெழுத்துக் குகரம். ஒரு வாக்கியத்தைக் ‘கண்டி’ என்று தொடங்கி அடுத்த சொல்லுக்குப் போனேன். மென்பொருள் பின்னாலிருந்து தன் உபகாரத்தைச் செய்துவிட்டது. மலைநாட்டின் தலைநகர் என்னவாயிற்று என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்க, அவையிற் சொல்லத்தக்கதன்று. பழைய எழுத்துருவில் எழுதுவோர் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் முதலிலேயே நிறுத்திவைத்துவிட வேண்டும் என்பதை நான் இவ்வாறு கற்றேன்.

“ஒருங்குறிக்கு மாத்தாம இருந்தா இது படம் பார்க்கிற மாதிரித்தான் சேர். தேடவும் ஏலாது, அடுக்கவும் ஏலாது” என்றாள் அந்தப் பெண்.

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. செர்மனியில் வாழும் நம்மவர் சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி அவற்றுள் பேர்பெற்றது. எத்தனையோ பேருடைய பழைய எழுத்துகளைக் கரைசேர்த்தது. ஆயினும் முழுக் கோப்பையும் அள்ளிக் கருவியின் வாயிற் போடலாகாது. அண்ணன் தோட்டத்துச் சொற்களுக்கு அருகே ஆங்கில மூலங்களையும், செடிகளுக்கு இலத்தீன் பெயர்களையும் வேறு எழுத்துருவில் எழுதியிருந்தார். அவையும் மாற்றியினுள் சென்றால் தமிழ்க் குப்பையாக வெளிவரும். எனவே எழுத்துருவை வைத்தே தேடும் வசதியைப் பயன்படுத்தி, பாமினிப் பகுதிகளுக்கு ஒரு நிறமும் ஏனையவற்றுக்கு வேறு நிறமுமாகத் தீட்டிவிட்டு, நிறம் பார்த்து மாற்றினோம். மூன்று வாரம் சென்றது.

அதன் பின்னும் ஒரு நுண்ணிய பிழை எஞ்சியது. தட்டெழுத்துப் பொறியிற் பழகியவர் ‘அவர்’ என்ற சொல்லின் ஈற்றிலே ரகரத்தைத் தட்டுவதில்லை. ஆகாரக் காலைத் தட்டி, அதன்மேற் புள்ளியிடுவர். தாளிலே இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும். அண்ணனும் அப்படியே எழுதியிருந்தார். மாற்றும்போது சில இடங்களில் ரகரம் ரகரமாகவும், சில இடங்களிற் காலாகவும் வந்துவிட்டது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் சொல், தேடும்போது அகப்படாது. இன்று வெளிவரும் தமிழ் எழுத்திலே இந்தக் காற்புள்ளி ரகரம் எத்தனை இடங்களில் ஒளிந்துகிடக்கின்றதோ! எனக்கு இப்போது அது பிடித்த வியாதியாகிவிட்டது. யார் கட்டுரை தந்தாலும் முதலிற் காலின்மேற் புள்ளி உண்டா என்று தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இருக்கும்.

கடைசியாகப் பதினொரு பக்கங்கள் எதற்கும் மசியவில்லை. அவை பாமினியுமன்று, நாம் அறிந்த பிறிதுமன்று. யாரோ தமக்கென ஆக்கிக்கொண்ட ஓர் எழுத்துருவிலே அண்ணன் அவற்றை வேறெங்கோ கொடுத்து அடிப்பித்திருக்க வேண்டும். பெட்டியிற் கண்ட பெயரை எங்கு தேடியும் அகப்படவில்லை. அவற்றை விட்டுவிடலாம் என்று நான் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஒப்பவில்லை. “இதில ஒரு பக்கமாவது எங்கேயாவது அச்சில வந்திருக்குமா?” என்று கேட்டாள்.

அண்ணிக்குத் தொலைபேசியிற் சொன்னேன். இரண்டு நாளில் மீண்டும் கலஹா பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு பழைய பாடசாலை மலர். அதில் அண்ணன் எழுதிய கட்டுரையொன்று. தோட்டத்துக் காலைநேரத்துச் சொற்களைப் பற்றியது. பதினொரு பக்கத்துள் முதல் மூன்று பக்கங்கள் அதுவேதான். அச்சான வரியை மேலேயும் மருண்ட வரியைக் கீழேயும் வைத்து, இந்தச் சீட்டுக்கு இந்த எழுத்து என்று அவள் ஒவ்வொன்றாக ஒரு பயிற்சிக் கொப்பியில் குறித்துக்கொண்டே போனாள். பிராமிக் கல்வெட்டுகளை முதலில் வாசித்தவர் இப்படித்தான் அமர்ந்திருப்பார் போலும் என்று எனக்குத் தோன்றியது. ங, ஞ முதலிய அரிய எழுத்துகள் அந்த மூன்று பக்கங்களில் போதியவாறு வரவில்லை. அங்கே எங்கள் உதவிக்கு வந்தவர் அண்ணிதான். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் “கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்பிள்ளை எதிர்ல” என்று வரி பாதி வாசித்து நிறுத்தினால், மீதியை அவர் சொன்னார். அந்தச் சொற்களிற் பல அவர் வாயிலிருந்து அண்ணன் கேட்டு எழுதியவை என்று அன்றுதான் அறிந்தேன். முன்னுரையில் அது இல்லை.

நூலை அச்சிட இடந்தேடிச் சென்றபோது ஓர் அச்சகத்தார், “பாமினியில இருந்தாக் கொண்டுவாங்க சேர், ஒருங்குறி எங்கட பேஜ்மேக்கரில ஏறாது” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதற்குள்ளே ஒருங்குறித் தமிழ் நுழையாது என்பது உண்மைதான். முடிவில், பக்கங்களை நாங்களே லிப்ரே ஒஃபிஸில் அமைத்து, எழுத்துருவையும் உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பாகக் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. அப்படிக் கொடுத்தால் எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் குலையாது. ஒருங்குறிக் கோப்பைத் தனியே மூன்று பிரதிகள் எடுத்து, மூவர் வீட்டில் வைத்திருக்கின்றோம். அண்ணியின் பிரதி அதே துணியில் முடிந்திருக்கின்றது.

சென்ற வாரம் முதற் பார்வைப் படி வந்தது. கங்காணி, கவ்வாத்து, கொந்தரப்பு, கொழுந்து என்று சொற்கள் அவையவை இடத்தில் நிற்கின்றன. முன்னுரையின் கீழே அண்ணியின் பெயரையும் ஒரு வரியிற் சேர்த்திருக்கிறேன். அண்ணன் இருந்திருந்தால் தாமே செய்திருப்பார் என்று சொல்லத் துணிவில்லை, நான் சேர்த்துவிட்டேன். திருத்துவதற்குத் தாள்களை மேசைமேல் விரித்தபோது, அண்ணி முதலில் ‘தவறணை’ எந்தப் பக்கம் என்று கேட்டார்.